வீடுகளின் வெளிப்புறம் கழுவும் தொழிலில் வேலை வரவில்லையா? எங்கே கசிகிறது என்று பார்த்துச் சரிசெய்யும் வழி

நாசிலில் தண்ணீர் பலமாக வரவில்லை என்றால் நாம் யாரும் உடனே புது மெஷின் வாங்க ஓடுவதில்லை. குழாய் முழுசாகத் திறந்திருக்கிறதா, ஹோஸ் எங்காவது மடங்கிக் கிடக்கிறதா, வடிகட்டியில் மண் அடைத்திருக்கிறதா, இணைப்பில் கசிகிறதா என்று தண்ணீர் வரும் வழியிலேயே நடந்து பார்க்கிறோம். விளம்பரம் என்று வந்ததும் மட்டும் இந்தப் பழக்கம் போய்விடுகிறது. வேலை குறைந்தால் இன்னும் ஆயிரம் நோட்டீஸ், இன்னும் கொஞ்சம் பணம் போட்டு ஆன்லைன் விளம்பரம் என்று அழுத்தத்தை ஏற்றுகிறோம். கசிகிற ஹோஸில் அழுத்தம் ஏற்றினால் கசிவுதான் கூடும்.

அதனால் எதையும் மாற்றுவதற்கு முன்னால் ஒரு நோட்டு வாங்கி முப்பது நாளைக்கு நான்கு எண்ணிக்கைகளை மட்டும் எழுதுங்கள்: எத்தனை பேர் விசாரித்தார்கள், எத்தனை பேருக்கு ரேட் கொடுத்தீர்கள், எத்தனை பேர் சரி என்றார்கள், அதில் எத்தனை பேர் பழைய வாடிக்கையாளர்கள். பக்கத்திலேயே "எங்கே பார்த்துக் கூப்பிட்டீர்கள்?" என்று கேட்டு அதையும் ஒரு வார்த்தையில் குறித்துக்கொள்ளுங்கள். நாற்பது பேர் விசாரித்து நான்கு பேர் மட்டும் சரி என்றால் உங்களுக்கு விளம்பரக் குறைபாடு இல்லை, ரேட் சொல்லும் இடத்தில்தான் கசிகிறது. ஐந்து பேர் விசாரித்து நான்கு பேர் சரி என்றால் பேச்சும் வேலையும் நன்றாக இருக்கிறது, நீங்கள் இருப்பது ஊருக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர். நோட்டைப் பார்த்துவிட்டு கீழே உங்களுக்குப் பொருந்துகிற இடத்துக்கு நேராகப் போங்கள், எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றாதீர்கள், எது பலித்தது என்று தெரியாமல் போய்விடும்.

அறிகுறி: போனே அடிக்கவில்லை

முதலில் வேறொருவர் போனிலிருந்து உங்கள் நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்கள். நோட்டீஸில் இருக்கும் நம்பர், வண்டியில் ஒட்டியிருக்கும் நம்பர், கூகுளில் இருக்கும் நம்பர், வெப்சைட்டில் இருக்கும் நம்பர், ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து அழுத்துங்கள். ஒரு எண் மாறி அச்சான நோட்டீஸை ஒரு மாதம் முழுக்க நானே கொடுத்திருக்கிறேன், அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன். வெப்சைட்டில் விசாரிப்புப் படிவம் இருந்தால் நீங்களே நிரப்பி அனுப்பிப் பாருங்கள். அது உங்கள் மெயிலில் ஸ்பாம் பக்கம் போய் உட்கார்ந்திருக்கலாம்.

நம்பர் சரி என்றால் அடுத்தது கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல், அதாவது கூகுள் தேடலிலும் மேப்பிலும் உங்கள் தொழிலைக் காட்டும் பக்கம். வீட்டுக்காரர் சுவரில் பாசியைப் பார்த்ததும் போனை எடுத்துத் தேடுகிற இடம் அதுதான். நான்கு விஷயம் பாருங்கள். கணக்கு சரிபார்க்கப்பட்டிருக்கிறதா. வேலை நேரம் சரியாக இருக்கிறதா, சனிக்கிழமை நீங்கள் வேலை செய்தும் அங்கே மூடியிருப்பதாகக் காட்டினால் அன்றைக்குத் தேடுகிறவர் அடுத்த ஆளுக்குப் போய்விடுவார். முதன்மை வகை என்ன போட்டிருக்கிறீர்கள். அதில் பொதுவாக 'ஹவுஸ் கிளீனிங்' என்று போட்டிருந்தால் வீட்டுக்குள் பெருக்கித் துடைக்க ஆள் தேடுகிறவர்கள்தான் கூப்பிடுவார்கள். 'பிரஷர் வாஷிங் சர்வீஸ்', 'விண்டோ கிளீனிங் சர்வீஸ்', 'கட்டர் கிளீனிங் சர்வீஸ்' (கூரை ஓரத்து மழைநீர் வடிகாலைச் சுத்தம் செய்வது) என்று தனித்தனி வகைகள் இருக்கின்றன. எந்த வேலை உங்களுக்கு அதிகம் வேண்டுமோ அதை முதன்மையாக வைத்து மற்றதைக் கூடுதல் வகைகளில் சேர்த்துவிடுங்கள். நான்காவது, பெயர். கடைப் பெயரோடு 'சிறந்த', 'மலிவான', ஊர்ப் பெயர், வேலைப் பெயர் எல்லாவற்றையும் கோத்து ஒரு நீளமான பெயராக வைக்கச் சொல்லி யோசனை தருவார்கள், கேட்காதீர்கள். போர்டில் இருக்கும் பெயர்தான் அங்கேயும் இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி, மீறினால் ப்ரொஃபைலே முடக்கப்படலாம்.

அறிகுறி: என் போனில் தேடினால் முதலில் வருகிறேன், மற்றவர்களுக்கு வருவதில்லை

இது கோளாறே இல்லை. மேப்பில் யாரை மேலே காட்டுவது என்பதற்கு கூகுள் மூன்று காரணங்களைச் சொல்கிறது: தேடலுக்குப் பொருத்தம், தேடுகிறவரிடமிருந்து தூரம், ஊரறிந்த தன்மை. நீங்கள் உங்கள் வீட்டில் உட்கார்ந்து தேடினால் தூரம் பூஜ்யம், மேலே வராமல் எங்கே போகும்? ஊரின் மறுகோடியில் இருக்கும் தெரிந்தவர் ஒருவரைத் தேடச் சொல்லி ஸ்கிரீன்ஷாட் வாங்குங்கள், அதுதான் நிஜ நிலவரம்.

வாடிக்கையாளர் உங்கள் இடத்துக்கு வரத் தேவையில்லாத தொழில் என்பதால் முகவரியை மறைத்துவிட்டு சேவைப் பகுதிகளை மட்டும் காட்டலாம். இருபது பகுதிகள் வரை சேர்க்க முடியும். ஆனால் இருபதையும் நிரப்பிவிட்டால் இருபது ஊரிலும் மேலே வந்துவிடுவோம் என்று நினைக்க வேண்டாம், அந்தப் பட்டியல் நீங்கள் எங்கெல்லாம் வருவீர்கள் என்று வாடிக்கையாளருக்குச் சொல்லத்தான். தூரத்தை நம்மால் மாற்ற முடியாது. மீதி இரண்டையும் மாற்றலாம், அது ரிவ்யூவிலும் போட்டோவிலும்தான் இருக்கிறது. கீழே வருகிறேன்.

அறிகுறி: நோட்டீஸ் கொடுத்தும் பலனில்லை

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இந்தத் தொழிலுக்கே உரிய ஒரு சிக்கல் இங்கே இருக்கிறது. குழாய் உடைந்தால் வீட்டுக்காரருக்கு அந்த நிமிஷமே தெரியும். சுவர் கறுப்பது அப்படித் தெரியாது. தினமும் ஒரு துளி ஏறுகிறது, தினமும் அதே வழியாகத்தான் வீட்டுக்குள் போகிறார், கண் பழகிவிடுகிறது. அவருக்கு அது அழுக்குச் சுவர் இல்லை, அதுதான் சுவரின் நிறம். அவரிடம் போய் "சுவர் கழுவித் தருகிறோம்" என்று நோட்டீஸ் நீட்டினால், இல்லாத நோய்க்கு மருந்து விற்கிற மாதிரிதான் இருக்கும்.

ஒரு வீட்டில் ஜன்னல் கண்ணாடி துடைக்கப் போயிருந்தேன். வாசலில் பதித்திருந்த கற்கள் ஒரே சாம்பல் நிறம். அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டு, ஓரத்தில் ஒரே ஒரு கல்லை மட்டும் கழுவினேன். முதலில் கறுப்பாகத் தண்ணீர் ஓடியது, அப்புறம் தெளிந்தது. ஐந்து நிமிஷத்தில் கல் உலர ஆரம்பித்ததும் அதற்குள்ளிருந்து இளஞ்சிவப்பு எழுந்து வந்தது. அவர் கிட்டே வந்து குனிந்து பார்த்தார், செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் விரலால் அந்தக் கோட்டைத் தடவினார். "நாங்க போட்ட கலரே இதுதான்" என்றார், என்னிடம் சொன்ன மாதிரியே இல்லை. நான் ரேட் சொல்வதற்கு முன்னால் எப்போது வருவீர்கள் என்று கேட்டுவிட்டார்.

நோட்டீஸ் செய்ய வேண்டியது அந்த ஒரு கல் செய்த வேலையை. பழகிப்போன கண்ணை ஒரு தடவை தட்டி எழுப்ப வேண்டும். அதற்கு உங்கள் லோகோவும் எட்டு சேவைகளின் பட்டியலும் உதவாது. பாதி கழுவி பாதி விட்ட ஒரு தரையின் படம், அதுவும் அந்தத் தெருவில் இருக்கிற மாதிரியான வீட்டின் படம், ஒரு வரி, ஒரு நம்பர். அவ்வளவு போதும்.

எங்கே கொடுப்பது என்பது இன்னும் முக்கியம். மூவாயிரம் வீட்டுக்கு ஒரு தடவை கொடுப்பதைவிட முந்நூறு வீட்டுக்குச் சில வார இடைவெளியில் பலமுறை கொடுப்பது நல்லது, முதல் நோட்டீஸ் வரும் நாளில் யாருக்கும் தேவை இருந்திருக்காது. அதைவிட நல்லது, வேலை நடக்கும் வீட்டைச் சுற்றியிருக்கும் வீடுகள்: இரண்டு பக்கத்து வீடு, எதிரே மூன்று வீடு. மெஷினை ஆன் செய்வதற்கு முன்னால் போய், "பக்கத்து வீட்டில் பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை கழுவப் போகிறோம், சத்தம் இருக்கும், இந்தப் பக்க ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள், சாரல் ஏதாவது உங்கள் பக்கம் விழுந்தால் இந்த நம்பருக்குச் சொல்லுங்கள், வந்து துடைத்துவிடுகிறேன்" என்று சொல்லிக் கார்டு கொடுங்கள். எதையும் விற்காதீர்கள். அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டுக்கு வரும்போது பக்கத்து வீட்டுத் தரை வெளுத்திருக்கும், தங்கள் தரை அப்படியே இருக்கும், நடுவில் வேலி ஓரமாக ஒரு நேர்க்கோடு. அதற்கு மேல் எந்த நோட்டீஸும் பேச முடியாது.

ஒரு எச்சரிக்கை. 'விளம்பரம் வேண்டாம்' என்று எழுதிய கதவுகளைத் தாண்டிப் போய்விடுங்கள். தபால் பெட்டிக்குள் நோட்டீஸ் போடுவது சில நாடுகளில் சட்டப்படி தவறு, உங்கள் இடத்து விதியைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

அறிகுறி: போட்டோ நிறையப் போடுகிறேன், லைக் வருகிறது, வேலை வரவில்லை

லைக் போடுகிறவர்களில் பாதிப்பேர் வேறு ஊரில் இதே தொழில் செய்கிறவர்களாக இருப்பார்கள், அதை விடுங்கள். போட்டோவைப் பார்ப்போம். 'முன்' படம் மேகமூட்டத்தில், 'பின்' படம் நல்ல வெயிலில், அதுவும் தரை ஈரமாகப் பளபளக்கும்போது, அதுவும் வேறு கோணத்தில். பார்க்கிறவருக்கு ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ உறுத்தும். வேலை தொடங்குவதற்கு முன் நீங்கள் நின்ற இடத்தில் சாக்பீஸால் ஒரு குறி போடுங்கள், அதே இடத்தில், அதே உயரத்தில், தரை உலர்ந்த பிறகு இரண்டாவது படம் எடுங்கள். முடிந்தால் ஒரே படத்தில் இரண்டும் தெரியும்படி, பாதி வேலையில் நிறுத்தி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அதில் யாரும் ஏமாற்ற முடியாது என்று பார்க்கிறவருக்கே தெரியும்.

படத்தோடு எழுதுகிற வரியும் 'அட்டகாசமான ரிசல்ட்' என்று இருக்க வேண்டாம். எந்தப் பகுதி, என்ன கறை, எத்தனை மணி நேரம், எது போகவில்லை. "எண்ணெய்க் கறை ஒன்று லேசாகத் தெரிகிறது, பழசு, வீட்டுக்காரரிடம் முன்னாலேயே சொல்லிவிட்டோம்" என்று நீங்கள் எழுதுகிற ஒரு வரி, மீதி எல்லாவற்றையும் நம்பவைக்கும். வீட்டு நம்பர், வண்டி நம்பர், குழந்தைகள் படத்தில் வராமல் பாருங்கள், போடுவதற்கு முன் அனுமதி கேளுங்கள்.

அறிகுறி: விளம்பரத்துக்குப் பணம் போகிறது, தேவையில்லாத அழைப்புகளே வருகின்றன

கூகுள் விளம்பரம் என்றால் நான் முதலில் திறந்து பார்ப்பது இட அமைப்பை. அங்கே இயல்பாக இருக்கும் தேர்வு, உங்கள் பகுதியில் இருக்கிறவர்களோடு அந்தப் பகுதியில் ஆர்வம் காட்டுகிறவர்களையும் சேர்த்துக்கொள்ளும். அதாவது எங்கோ இருந்து உங்கள் ஊரைப் பற்றித் தேடுகிறவருக்கும் விளம்பரம் போகும், கிளிக்குக்குப் பணம் உங்களிடமிருந்து போகும். அந்தப் பகுதியில் இருக்கிறவர்கள் அல்லது அடிக்கடி வந்துபோகிறவர்கள் மட்டும் என்று மாற்றுங்கள்.

அடுத்து, ஆட்கள் நிஜமாக என்ன தட்டச்சு செய்து வந்தார்கள் என்ற பட்டியல் உள்ளே இருக்கும், அதை வாரம் ஒரு தடவை படியுங்கள். 'பிரஷர் வாஷர் வாடகை', 'பிரஷர் வாஷர் ரிப்பேர்', 'கார் வாஷ்', 'வேலைவாய்ப்பு', 'எப்படிக் கழுவுவது' என்று வரிசையாக நிற்கும். இவை எல்லாவற்றையும் விலக்குச் சொற்களில் சேர்த்துவிடுங்கள். போன் எடுக்க ஆள் இல்லாத நேரத்தில் விளம்பரத்தை நிறுத்திவையுங்கள். கிளிக் செய்தவர் வந்து விழும் பக்கத்தில் உங்கள் தொழில் பிறந்த கதை வேண்டாம், எந்தப் பகுதி, என்ன வேலை, போன் பட்டன், மூன்றும் விரலால் தள்ளாமலே தெரிய வேண்டும்.

அறிகுறி: மிஸ்டு கால் நிறைய இருக்கிறது, திருப்பிக் கூப்பிட்டால் "வேற ஆள் பாத்துட்டோம்"

ஏணி மேல் நிற்கிறோம், காதில் சத்தம் தடுக்கும் கவசம், கையில் துப்பாக்கி மாதிரி லான்ஸ், போன் எப்படி எடுப்பது? எடுக்கவும் கூடாது. ஆனால் கூப்பிட்டவர் பட்டியலில் அடுத்த நம்பருக்குப் போக ஒரு நிமிஷம்கூட ஆகாது. வீட்டில் ஒருவர் எடுத்துப் பேச முடிந்தால் அதுவே மேல். முடியாவிட்டால் மிஸ்டு காலுக்குத் தானாகப் போகும் ஒரு மெசேஜ் வைத்துவிடுங்கள், வாட்ஸ்அப் பிசினஸிலும் வெளியே இருக்கும் நேரத்துக்கான தானியங்கிப் பதில் உண்டு. அதில் "விரைவில் தொடர்புகொள்வோம்" என்று எழுதினால் பயன் இல்லை. அவருக்கு ஒரு வேலை கொடுங்கள்:

"இப்போது ஒரு வீட்டில் வேலையில் இருக்கிறேன், ஒரு மணிக்குக் கூப்பிடுகிறேன். அதற்குள் கழுவ வேண்டிய இடத்தைத் தள்ளி நின்று ஒரு போட்டோ, கறையைக் கிட்டத்தில் ஒரு போட்டோ, வெளிக் குழாய் எங்கே இருக்கிறது என்று ஒரு போட்டோ அனுப்பிவையுங்கள். ரேட் சரியாகச் சொல்ல உதவியாக இருக்கும்."

போட்டோ எடுக்க எழுந்து வெளியே போனவர் அடுத்த ஆளைத் தேடுவது குறைவு. அப்புறம் சொன்னபடி ஒரு மணிக்குக் கூப்பிடுங்கள்.

அறிகுறி: ரேட் அனுப்பினால் கிணற்றில் போட்ட கல் மாதிரி இருக்கிறது

நாம் உடனே விலைதான் காரணம் என்று நினைக்கிறோம். நிறைய இடத்தில் விலை இல்லை, பயம். நீங்கள் அனுப்பியது ஒரு தொகை. அவர் மனதில் ஓடுவது வேறு: பெயின்ட் உரிந்துவிடுமா, ஜன்னல் வழியாகத் தண்ணீர் உள்ளே வருமா, செடி கருகுமா, ஏணியிலிருந்து யாராவது விழுந்தால் யார் பொறுப்பு, வருகிற ஆள் யார். இதில் ஒன்றுக்கும் பதில் இல்லாத ஒரு தொகையை அவர் வீட்டில் இன்னொருவரிடம் காட்டுகிறார், "அப்புறம் பாக்கலாம்" என்று முடிந்துவிடுகிறது.

அந்தப் பயம் நியாயமானது, அதை நான் கற்றுக்கொண்டது ஒரு மர வேலியில். தொடங்கிய புதிதில் குறுகலான நாசிலைப் போட்டு கிட்டத்தில் பிடித்துவிட்டேன். ஈரமாக இருக்கும்போது பளிச்சென்று இருந்தது. மறுநாள் காய்ந்ததும் மரம் முழுக்க நார் எழும்பி, நான் கையை ஆட்டிய ஒவ்வொரு வீச்சும் கீறலாகத் தெரிந்தது. தேய்த்து, திரும்ப வண்ணம் அடித்துக் கொடுத்தேன், அந்த மாத வருமானம் அதோடு போயிற்று. அதற்குப் பிறகு எந்தப் பரப்புக்கு எந்த முறை என்று எழுதாமல் நான் ரேட் அனுப்புவதே இல்லை.

நாசில்களின் நிறம் நமக்கு மனப்பாடம்: சிவப்பு பூஜ்யம் டிகிரி, மஞ்சள் பதினைந்து, பச்சை இருபத்தைந்து, வெள்ளை நாற்பது, கறுப்பு சோப்புக்கு. வீட்டுக்காரருக்கு இது தெரியாது, சொன்னால் ஆர்வமாகக் கேட்பார். "உங்கள் சுவருக்குப் பலமான அழுத்தம் வைக்கப் போவதில்லை, மருந்து தெளித்து ஊறவைத்துக் குறைந்த அழுத்தத்தில் அலசுவோம், தரைக்கு மட்டும்தான் பலமாக அடிப்போம்" என்று ஒரு வரி எழுதுங்கள். கூரையில் கறுப்புக் கோடுகள் இறங்கியிருந்தால் அது வெறும் தூசி இல்லை, பல இடங்களில் குளோயோகாப்சா மேக்மா என்ற நுண்ணுயிர்தான் அப்படிப் படர்கிறது, அதை அழுத்தத்தால் சுரண்டினால் ஆஸ்பால்ட் ஷிங்கிள் (தார் பூசிய ஓடு போன்ற தகடு) கூரையில் மேலே ஒட்டியிருக்கும் சிறு மணிகள் உதிர்ந்து கூரையின் ஆயுள் குறையும், மருந்தால் கொல்வதுதான் முறை என்று விளக்குங்கள். இதே கூரையைப் 'பிரஷரில் அடித்துத் தருகிறேன்' என்று பாதி ரேட்டுக்குச் சொன்ன ஆளைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, வீட்டுக்காரர் தானே கேட்டுக்கொள்வார்.

ரேட் அனுப்பும்போது அவர் அனுப்பிய போட்டோ மேலேயே விரலால் வட்டம் போட்டு அனுப்புங்கள். இது கழுவுவோம், இது நம் கணக்கில் இல்லை, இந்தத் துருக் கறை முழுசாகப் போகாது. எத்தனை பேர் வருவோம், எத்தனை மணி நேரம், தண்ணீர் உங்கள் குழாயிலிருந்தா எங்களுடையதா, செடிகளை முன்னாலும் பின்னாலும் நல்ல தண்ணீரில் நனைப்போம், இன்சூரன்ஸ் இருக்கிறது. இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் இருப்பதாக எழுதாதீர்கள், முதலில் எடுங்கள், இந்தத் தொழிலுக்கு அது விளம்பரத்தைவிட அவசரம்.

பதில் வரவில்லையா, இரண்டாம் நாள் ஒரு மெசேஜ். "முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கேட்டால் அது கடன் கேட்கிற மாதிரி இருக்கும். ஏதாவது ஒன்றைக் கொண்டுபோங்கள்: "உங்கள் தரை மாதிரியே ஒன்று நேற்று செய்தோம், படம் அனுப்புகிறேன்." ஒரு வாரம் கழித்து இன்னொன்று: "வியாழக்கிழமை உங்கள் தெருப் பக்கம் வருகிறோம், வேண்டுமானால் சேர்த்துச் செய்துவிடலாம்." ஒரு மாதம் கழித்துக் கடைசியாக ஒன்று. அதற்கு மேல் வேண்டாம்.

அறிகுறி: எல்லோரும் விலை அதிகம் என்கிறார்கள்

நோட்டைப் பாருங்கள். நிஜமாகவே எல்லோரும் சொல்கிறார்களா, அல்லது கடைசியாகச் சொன்ன இரண்டு பேர் மனதில் நிற்கிறார்களா? யாருமே சொல்லவில்லை என்றால் அதுவும் ஒரு அறிகுறிதான், ரேட் குறைவாக இருக்கலாம். அவர் விலையைக் குறைக்கச் சொன்னால் வேலையைக் குறையுங்கள்: "அந்தத் தொகைக்கு முன்பக்கச் சுவரும் வாசலும் செய்து தருகிறேன்." அதே வேலையை உடனே குறைந்த விலைக்கு ஒப்புக்கொண்டால் முதலில் சொன்னது பொய் விலை என்று நீங்களே சொன்ன மாதிரி ஆகிவிடும். பக்கத்து வீடும் அதே நாளில் சேர்ந்தால் குறைத்துக் கொடுக்கலாம், வண்டி ஒரு தடவைதான் வருகிறது, மெஷின் ஒரு தடவைதான் இறக்குகிறோம், அந்தக் குறைப்புக்கு நேர்மையான காரணம் இருக்கிறது.

அறிகுறி: வேலை பிடித்திருக்கிறது என்கிறார்கள், ரிவ்யூ எழுதுவதில்லை

கேட்கிற நேரம் தப்பு. பில் கொடுத்து, பணம் வாங்கி, வண்டி கிளம்பி, மூன்று நாள் கழித்து மெசேஜ் போட்டால் அவருக்கு அது இன்னொரு வேலை. ஹோஸைச் சுற்றுவதற்கு முன்னால் அவரைக் கூப்பிட்டு வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து காட்டுங்கள். விட்டுப்போன மூலை ஏதாவது இருந்தால் அங்கேயே சொல்வார், அங்கேயே முடித்துவிடலாம். முகம் மலர்கிற நேரம் அதுதான். "இதையே ரெண்டு வரி எழுதிவிட்டால் எங்களுக்குப் பெரிய உதவி, லிங்க் அனுப்புகிறேன்" என்று வாயால் கேட்டுவிட்டு அந்த நிமிஷமே அனுப்புங்கள். பில்லில் க்யூஆர் கோடும் இருக்கட்டும்.

ரிவ்யூ எழுதினால் தள்ளுபடி என்று சொல்லாதீர்கள், கூகுள் அதை அனுமதிப்பதில்லை. திருப்தியானவர்களை மட்டும் பொறுக்கிக் கேட்பதும் விதிக்கு எதிரானது. எல்லோரையும் கேளுங்கள்.

மோசமான ரிவ்யூ வந்துவிட்டதா, அன்று இரவு பதில் எழுத வேண்டாம். காலையில் எழுதுங்கள், அவருக்காக இல்லை, அடுத்து அதைப் படிக்கப்போகிற வீட்டுக்காரருக்காக. "ஜன்னல் ஓரம் தண்ணீர் இறங்கியது எங்கள் கவனக்குறைவு. அடுத்த நாளே வந்து பார்த்தோம். இப்போது கழுவுவதற்கு முன் எல்லா ஜன்னல் இடுக்குகளையும் பார்த்து டேப் ஒட்டுகிறோம்." நடந்ததை மட்டும், நிஜமாகச் செய்ததை மட்டும். அவர் சொன்னதில் தப்பு இருந்தாலும் வரிக்கு வரி மறுக்காதீர்கள்.

அறிகுறி: ஒரு தடவை கூப்பிட்டவர்கள் திரும்பக் கூப்பிடுவதில்லை

கோபம் இல்லை, மறந்துவிட்டார்கள். உங்கள் பெயரே ஞாபகம் இருக்காது. வேலை முடிந்த அன்றே, "வெயில் படாத இந்தப் பக்கம்தான் முதலில் பாசி ஏறும், சுவர் பச்சையாகத் தெரிய ஆரம்பித்தால் சொல்லுங்கள்" என்று இடத்தைக் கைகாட்டிச் சொல்லுங்கள். இப்போது அவருக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும், பழகாத கண் ஒன்றை நீங்களே கொடுத்துவிட்டீர்கள்.

அங்கேயே உங்கள் நம்பரை அவர் போனில் சேமிக்கச் சொல்லுங்கள். இதற்கு ஒரு காரணம் உண்டு: வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் பட்டியல் (ஒரே மெசேஜைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வசதி) வழியாக நீங்கள் அனுப்புவது, உங்கள் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். நோட்டில் தேதி எழுதிவைத்து, போன தடவை எடுத்த அவர் வீட்டுப் படத்தையே சேர்த்துத் தனியாக அனுப்பினால் இன்னும் நல்லது. "போன வருஷம் இதே மாதம் உங்கள் வாசல்" என்று படம் வந்தால் எழுந்து போய் வாசலைப் பார்க்காதவர் குறைவு.

அறிகுறி: வேலை இருக்கிறது, கையில் காசு நிற்கவில்லை

போன மாதம் போன வீடுகளை மேப்பில் புள்ளி வையுங்கள். ஊர் முழுக்கச் சிதறிக் கிடந்தால் உங்கள் லாபம் சாலையில் போகிறது. அதிகப் புள்ளிகள் இருக்கிற இரண்டு பகுதியை எடுத்துக்கொண்டு நோட்டீஸ், விளம்பரம், போர்டு எல்லாவற்றையும் மூன்று மாதம் அங்கே மட்டும் வையுங்கள். தூரத்து அழைப்புகளுக்குக் குறைந்தபட்சத் தொகை ஒன்று வைத்துச் சொல்லுங்கள்.

அறிகுறி: மேலே சொன்ன எதுவும் பொருந்தவில்லை

அப்படியென்றால் ரேட் வாங்கிவிட்டு வேண்டாம் என்றவர்களில் ஐந்து பேரைக் கூப்பிடுங்கள். விற்கக் கூப்பிடவில்லை என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள், சொன்னபடியே விற்காமல் இருங்கள். ஒரே கேள்வி: "எந்த இடத்தில் தயக்கம் வந்தது?" அப்புறம் பேசாமல் கேளுங்கள், நடுவில் விளக்கம் கொடுக்காதீர்கள், அவர் சொன்ன வார்த்தையையே எழுதிக்கொள்ளுங்கள்.

நான் இப்படிக் கூப்பிட்டதில் ஒருவர் சொன்னது: "நீங்க வர்ற அன்னைக்கு நான் வீட்ல இருக்கணுமா வேண்டாமான்னு தெரியல. லீவு போட முடியாது, கேக்கவும் சங்கடமா இருந்துச்சு, விட்டுட்டேன்." விலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து என் ரேட் மெசேஜின் முதல் வரியே இதுதான்: நீங்கள் வீட்டில் இருக்கத் தேவையில்லை, வெளிக் குழாயும் வாசல் கேட்டும் திறந்திருந்தால் போதும், முடித்ததும் படம் அனுப்புகிறோம்.